ஜன்னலும் வேண்டும், முகமும் வேண்டும்: திருமணப் படங்களில் எக்ஸ்போஷர் பிளெண்டிங்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் சாஃப்ட்வேர் கேள்வி. அடுத்த மாதம் ஒரு திருமணம் எடுக்கிறீர்கள். மணமக்கள் நிற்கப்போகும் இடத்துக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, நேரம் நண்பகல், உள்ளே மஞ்சள் விளக்குகள். முன்கூட்டியே போய் எடுத்துப் பார்த்த இரண்டு படங்களில் ஒன்றில் முகம் சரியாக இருக்கிறது, கண்ணாடி வெள்ளைத்தாளாகிவிட்டது. இன்னொன்றில் வெளியே மரமும் வானமும் தெளிவு, ஆட்கள் கரி. இதற்கு எத்தனை ஃபிரேம் பிராக்கெட் செய்வது (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் அடுத்தடுத்து எடுப்பது), எத்தனை ஸ்டாப் இடைவெளி (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது), எந்த சாஃப்ட்வேரில் சேர்ப்பது, அன்று முழுவதும் பிராக்கெட்டிங்கை ஆன் செய்தே வைத்துவிடலாமா, போன் தானாகவே செய்வதைக் கேமரா ஏன் செய்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சிக்கல் வேறு. பல எக்ஸ்போஷர்களை, அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை, ஒன்றாகச் சேர்க்கும் முறைகள் (எக்ஸ்போஷர் பிளெண்டிங்) பெரும்பாலும் அசையாத காட்சியை நம்பி உருவானவை. திருமணத்தில் அசையாமல் நிற்பது கட்டடம் மட்டும்தான். ஆட்கள் அசைந்துகொண்டே இருக்கும்போது இரண்டு வெளிச்சத்தையும் ஒரே படத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

திருமணம் எடுப்பதும், மற்றவர்கள் எடுத்து வந்ததை உட்கார்ந்து திருத்திக் கொடுப்பதும்தான் பல வருடங்களாக என் தொழில். அதை வைத்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனிதர்கள் எப்போதும் ஒரே ஃபிரேமிலிருந்து வர வேண்டும். இன்னொரு ஃபிரேமிலிருந்து எடுப்பது அசையாததை மட்டும்: ஜன்னல், கூரை, வானம், அலங்கார விளக்கு. நாள் முழுவதும் பிராக்கெட்டிங் வேண்டாம். மெமரி கார்டும் உங்கள் பொறுமையும்தான் தீரும், அதைவிட மோசம், நல்ல முகபாவம் வந்த அந்த ஒரு ஃபிரேம் மூன்று ஸ்டாப் அண்டராக, அதாவது இருட்டாக, விழுந்திருக்கும். ஒரு முழுத் திருமணத்தில் உண்மையாகவே பிளெண்டிங் கேட்கும் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் ஒரே ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) அடங்கும், அல்லது ஃபிளாஷ் போட்டால் அடங்கும், அல்லது நீங்கள் நாலு அடி தள்ளி நின்றால் அடங்கும்.

முதலில் வித்தியாசம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: நல்ல வெயிலில் அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) தலைகீழ். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. இப்போது உங்கள் மண்டபத்துக்கு வருவோம். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் முகத்துக்கு ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 1/60 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி இடங்களில் வழக்கமாக வரும் அளவுதான். அதே ஐஎஸ்ஓ 800, எஃப்/4-இல் வெளியே வெயிலுக்கு எவ்வளவு வேண்டும்? எஃப்/16-க்கு 1/800, எஃப்/4 அதைவிட நாலு ஸ்டாப் திறப்பு, ஆகவே 1/12,800. இரண்டுக்கும் இடையே 200 மடங்குக்கு மேல், கிட்டத்தட்ட எட்டு ஸ்டாப். இது முகத்தின் நடுத்தர டோனுக்கும் வெளியே உள்ள நடுத்தர டோனுக்கும் உள்ள தூரம் மட்டுமே. வெளியே உள்ள வெள்ளை மேகத்தையும் உள்ளே ஒருவர் அணிந்த கறுப்புக் கோட்டின் மடிப்பையும் சேர்த்தால் இன்னும் நீளும். நல்ல ஃபுல் ஃபிரேம் சென்சாருக்குக் காகிதத்தில் 14 ஸ்டாப் என்று எழுதியிருப்பார்கள். அதன் அடிப்பகுதி ஸ்டாப்புகளில் இருப்பது பெரும்பாலும் நாய்ஸ், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகள். முகத்தை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

இந்த எட்டு ஸ்டாப் மாறாத ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ஜன்னலுக்கு நேரே கேமராவை நீட்டுகிறீர்கள், அதனால் மணமக்களுடைய நிழல் பக்கம் உங்களைப் பார்க்கிறது. நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்து, அவர்கள் கண்ணாடியை நோக்கிக் கொஞ்சம் திரும்பினால், அதே ஜன்னல் முகத்துக்கு விளக்காகிவிடும். ஜன்னலிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் நின்றால் வித்தியாசம் பல நேரம் மூன்று, நாலு ஸ்டாப்புக்கு இறங்கிவிடும். அது ஒரு ரா ஃபைலுக்குச் சாதாரண வேலை. சடங்கின்போது அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்ல முடியாதுதான். நீங்கள் நகரலாமே. இந்தத் துறையில் பிளெண்டிங் பாடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது இப்படி நாலு அடி நகர்வதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஒரே ரா ஃபைலில் எடுக்கும்போது எதைக் காப்பாற்றுவது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். நான் வைத்திருக்கும் வரிசை: தோல், பிறகு வெள்ளை உடை, அதற்கப்புறம்தான் ஜன்னலுக்கு வெளியே இருப்பது. ஹைலைட்டை (படத்தின் மிகப் பிரகாசமான பகுதிகளை) காப்பாற்ற முகத்தை அண்டரில் எடுத்துப் பிறகு தூக்குகிறோம். அதற்கு என்ன விலை என்று கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஸ்டாப் குறைத்தால் சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி நாலில் ஒரு பங்கு. ஒளியின் இயல்பான சிதறலால் வரும் நாய்ஸ் வர்க்கமூலக் கணக்கில் போவதால், படத்தின் தரம் பாதியாகிறது. நாலு ஸ்டாப் குறைத்தால் ஒளி பதினாறில் ஒரு பங்கு, தரம் நாலில் ஒன்று. ஐஎஸ்ஓ 100-இல் எடுத்ததை மூன்று ஸ்டாப் தூக்கினால் இன்றைய கேமராக்களில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஐஎஸ்ஓ 3200-இல் எடுத்ததை அப்படித் தூக்கினால் கன்னத்தில் மணல் தூவியது போலாகும். ஐஎஸ்ஓ ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் மேலே ஏறத்தாழ ஒரு ஸ்டாப் இடம் பறிபோகிறது. இதுவரை சொன்னது இயற்பியல், இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் கேமரா திரையில் மின்னும் ஹைலைட் எச்சரிக்கையும் ஹிஸ்டோகிராமும் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பெரும்பாலும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்து வருபவை. ராவில் அதைவிடக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கொஞ்சம் கேமராவுக்குக் கேமரா மாறும், அதனால் உங்கள் கேமராவில் நீங்களே சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மஞ்சள் விளக்கின் கீழ் தோலில் சிவப்பு சேனல்தான் முதலில் நிரம்பி வழியும் என்பதையும் மறக்காதீர்கள். மொத்த ஹிஸ்டோகிராம் பத்திரமாகத் தெரியும், நெற்றியில் மட்டும் திட்டாக மஞ்சள் பூத்திருக்கும். ஆர்ஜிபி மூன்றும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி எடுத்த ஒரே ரா ஃபைலை இரண்டு முறை டெவலப் செய்து சேர்ப்பதையும் சிலர் பிளெண்டிங் என்பார்கள். ஒரு பிரதி முகத்துக்கு, இன்னொன்று ஒன்றரை, இரண்டு ஸ்டாப் இறக்கி ஜன்னலுக்கு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயராகப் போட்டு, எந்த இடத்தில் எது தெரிய வேண்டும் என்பதை மாஸ்க்கால் பிரிப்பது. இதில் புதிதாக ஒரு துளி விவரமும் கிடைக்காது, ராவில் இருந்ததுதான் வரும். ஆனாலும் பயன் உண்டு. ஹைலைட் ஸ்லைடரை ஒரு கோடிக்கும் ஷேடோ ஸ்லைடரை மறுகோடிக்கும் இழுத்தால் படம் முழுக்கத் தட்டையாகி, தோல் சாம்பல் பூத்துவிடும். இரண்டு பிரதியாகப் பிரித்தால் முகத்துக்குரிய கான்ட்ராஸ்ட் முகத்திலேயே இருக்கும். வெள்ளைச் சமநிலையையும் தனித்தனியாக வைக்கலாம். எல்லாவற்றையும்விட, இரண்டும் ஒரே நொடி என்பதால் கோஸ்டிங் (அசைந்தவை ஆவி போல இரட்டையாகத் தெரிவது) என்ற பேச்சே இல்லை. இன்றைய ரா சாஃப்ட்வேர்களிலேயே மாஸ்க் வசதி நன்றாக வளர்ந்துவிட்டதால், பல படங்களுக்கு ஃபோட்டோஷாப் வரை போகவே வேண்டியதில்லை.

உண்மையான பிராக்கெட்டிங் எங்கே வேண்டும் என்றால், விருந்தினர் வருவதற்கு முன் எடுக்கும் காலி மண்டபத்தின் அகலப் படம், அந்திநேரத்தில் கட்டடமும் வானமும் சேர்ந்த படம், ஜன்னலுக்கு எதிரே மணமக்களை நிறுத்தி எடுக்கும் ஒன்றிரண்டு படங்கள். முதல் இரண்டுக்கும் விதி எளிது. ட்ரைபாட், மேனுவல் ஃபோகஸ், ட்ரைபாடில் இருக்கும்போது ஸ்டெபிலைசேஷன் ஆஃப், ஆட்டோ ஐஎஸ்ஓ ஆஃப், அபெர்ச்சரைத் தொடவே கூடாது. அபெர்ச்சர் மாறினால் ஃபோகஸ் ஆழம் மாறும், இரண்டு ஃபிரேமின் ஓரங்களும் ஒன்றோடொன்று பொருந்தாது. இடைவெளிக்கு இரண்டு ஸ்டாப் போதும். ரா ஃபைலில் ஒன்றுக்கொன்று தாராளமாக மேற்படிவதால் ஒரு ஸ்டாப் இடைவெளியில் ஏழு, ஒன்பது என்று எடுப்பது வீண். எட்டு ஸ்டாப் வித்தியாசத்துக்கு இரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து ஃபிரேம் தாராளம். இவற்றை லைட்ரூம் சாஃப்ட்வேரின் எச்டிஆர் மெர்ஜில் (பல எக்ஸ்போஷர்களைத் தானாகச் சேர்க்கும் வசதி) போட்டாலே வேலை முடிந்தது. 2015-இல் வந்த அந்த வசதி, சேர்த்த பிறகும் ரா போலவே திருத்தக்கூடிய டிஎன்ஜி கோப்பு ஒன்றைத் தருகிறது. காசு செலவழிக்க மனமில்லை என்றால் என்ஃபியூஸ் என்ற இலவச நிரல் இருக்கிறது. 2007-இல் மெர்டென்ஸ், காவுட்ஸ், வான் ரீத் மூவரும் வெளியிட்ட முறையில் அது இயங்குகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு புள்ளியும் கான்ட்ராஸ்ட், நிறச்செறிவு, நடுத்தர வெளிச்சத்துக்கு எவ்வளவு அருகில் என்ற மூன்றையும் வைத்து மதிப்பெண் பெறும், மதிப்பெண்ணுக்குத் தக்க பங்கு கிடைக்கும். இந்த விவரம் தெரிந்தால் இந்த முறை முகங்களை ஏன் கெடுக்கிறது என்பதும் புரியும். நடுத்தர வெளிச்சத்தைத் தேடிப் போகும் கணக்குக்கு, கன்னத்தின் நிழலும் நெற்றியின் ஒளியும் சமப்படுத்த வேண்டிய குறைகளாகத்தான் தெரியும். முகத்துக்கு வடிவம் தருவது அந்த இரண்டும்தான். (ஜன்னல் பிரச்சினை டிஜிட்டலோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். 1850களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று வைத்து ஒரே தாளில் அச்சிட்டிருக்கிறார்.)

ஆட்கள் உள்ள படத்துக்கு வருவோம். பிராக்கெட்டிங் பொத்தானை நம்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கேமரா நொடிக்குப் பத்து ஃபிரேம் எடுக்கிறது என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்தில் ஒரு நொடி. சாதாரணமாக, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் 14 சென்டிமீட்டர் போயிருப்பார். கை, தலை, காற்றில் ஆடும் துணி இன்னும் வேகம். டீகோஸ்ட் என்ற வசதி மாயம் எதுவும் செய்வதில்லை. அசைந்த இடத்தில் ஏதாவது ஒரு ஃபிரேமை மட்டும் எடுத்துக்கொள்கிறது, எந்த ஃபிரேம் என்பதை அது முடிவு செய்கிறது. அந்த முடிவை நீங்களே எடுங்கள். அதைத்தான் நான் இரண்டு ஃபிரேம் முறையாகச் செய்கிறேன்: ஆட்களுக்கு ஒரு தலைமை ஃபிரேம், ஜன்னலுக்கு ஒரு பின்னணி ஃபிரேம். தானியங்கி பிராக்கெட் இல்லை.

மேலே சொன்ன எண்களையே வைத்துச் செய்து பார்ப்போம். தலைமை ஃபிரேம் ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 1/60. எத்தனை கிளிக் வேண்டுமோ எடுங்கள், முகபாவம் கிடைக்கும்வரை. பின்னணி ஃபிரேமுக்கு அதே ஐஎஸ்ஓவில் 1/12,800 வேண்டும், பெரும்பாலான கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000-உடன் நின்றுவிடும். இங்கே அபெர்ச்சரை மூடத் தோன்றும், மூடாதீர்கள். ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்குங்கள். ஃபிரேம்களுக்கிடையே ஐஎஸ்ஓ மாறுவதால் ஒன்றும் பொருந்தாமல் போகாது, நாய்ஸும் குறையும். ஐஎஸ்ஓ 100, எஃப்/4-இல் வெயிலுக்குச் சரியான எக்ஸ்போஷர் 1/1600. அதையும் அப்படியே எடுக்காமல் ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூட்டி 1/640-இல் எடுப்பேன். ஜன்னல் ஜன்னல் போல இருக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர்களைவிட அது வெளிச்சமாக இருந்தாக வேண்டும். வெளிக்காட்சியை அஞ்சலட்டை மாதிரி அழுத்தமாகக் கொண்டுவந்து முகத்துக்குப் பின்னால் ஒட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஸ்டுடியோத் திரை என்று மனம் சொல்லிவிடும்.

பின்னணி ஃபிரேமை எப்போது எடுப்பது? மணமக்கள் உங்களுக்காக நிற்கிறார்கள் என்றால் முகபாவம் கிடைத்த உடனே, “அப்படியே இருங்க, ஒரே ஒரு நிமிஷம்” என்று சொல்லி அடுத்த கிளிக். சடங்கின் நடுவே அது முடியாது. அவர்கள் வருவதற்குச் சற்று முன்போ நகர்ந்த உடனேயோ எடுக்க வேண்டும். காலையில் ஓய்வாக இருந்தபோது எடுத்த பின்னணியை நண்பகல் படத்தில் பொருத்த முயலாதீர்கள். வெயில் நகர்ந்திருக்கும், மரத்தின் நிழல் வேறு பக்கம் விழுந்திருக்கும், ஒரு மேகம் வந்தாலே வெளிச்சத்தின் தன்மை மாறிவிடும். ஜூம் லென்ஸ் என்றால் அதே ஃபோகல் லெங்த், அதே ஃபோகஸ் தூரம் வேண்டும். சில லென்ஸ்களில் ஃபோகஸ் நகர்ந்தாலே சட்டகத்தின் அகலம் லேசாக மாறும், ஜன்னல் கம்பிகள் இரட்டையாகத் தெரிவது அதனால்தான். ட்ரைபாட் இல்லாமல் கையில் வைத்தும் எடுக்கலாம், ஃபோட்டோஷாப்பின் ஆட்டோ அலைன் பெரும்பாலும் சரிசெய்துவிடும். அருகில் ஒரு தூணோ நாற்காலியோ இருந்தால் மட்டும் நீங்கள் அசைந்த கொஞ்சத்துக்கே கோணம் மாறி ஏமாற்றும்.

இனி மாஸ்க். நேரமெல்லாம் போவது இங்கேதான், அதிலும் முடி ஓரத்தில். ஜன்னல் சட்டம் நேர்கோடு, அதை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். தலைமை ஃபிரேமில் ஜன்னல் எட்டு ஸ்டாப் ஓவர். அந்த வெள்ளை, முடிக்குள்ளும் தோள் விளிம்பிலும் கசிந்திருக்கும். அதன் பின்னால் இருண்ட பின்னணியை வைத்ததும் தலையைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தெரியும். ஹேலோ என்று எல்லோரும் திட்டுவது இதைத்தான். பின்னணி ஃபிரேமிலும் அவர்கள் அசையாமல் நின்றிருந்தால் வழி எளிது: அந்த ஃபிரேமில் முடி இழைகள் பிரகாசமான வெளிக்கு எதிரே கறுப்பாக, கூர்மையாக இருக்கும், அதன் வெளிச்சத்தையே மாஸ்க்காக்கினால் இழைகள் தாமாகவே விலகி நிற்கும். டோனி கைப்பர் என்ற புகைப்படக்காரர் 2006 வாக்கில் பரவலாக்கிய லுமினாசிட்டி மாஸ்க் இதற்கென்றே அமைந்தது போலிருக்கும். பின்னணி ஃபிரேமில் ஆட்கள் இல்லை என்றால் வேறு வழி: அதை மேலே போட்டு பிளெண்ட் மோடை மல்டிப்ளை ஆக்குங்கள். கீழே முழு வெள்ளையாக இருக்கும் இடத்தில் பின்னணி அப்படியே தெரியும், கறுத்த முடி கறுப்பாகவே இருக்கும், இடைப்பட்ட புள்ளிகள் தாமாகக் கலந்துகொள்ளும். முகத்தையும் உடையையும் சுற்றி மென்மையான பெரிய பிரஷால் மாஸ்க் போட்டு விலக்கினால் போதும், ஒவ்வொரு இழையாக வரைய வேண்டாம். ஜன்னல் முழுமையாக வெள்ளையாகிப் போயிருந்தால்தான் இது சுத்தமாக வரும். அரைகுறையாக விவரம் மிச்சமிருந்தால் இரண்டு மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். பின்னொளியில் முடி ஓரம் பொன்னாக மின்னுகிற படத்தில் இந்த வித்தையே எதிரியாகும், அந்த மினுக்கை அது தின்றுவிடும். அங்கே ஜன்னலை விட்டுவிடுங்கள். ஓவர் வெளிச்சத்தில் கரைந்துபோன மெல்லிய முடிகளை எந்த முறையும் திருப்பித் தராது.

மாஸ்க் சரியாக வந்தும் படம் பொய்யாகத் தெரிந்தால் தரையைப் பாருங்கள். பளபளப்பான தரையில் ஜன்னலின் பிரதிபலிப்பு நீளமாக விழுந்திருக்கும்; மேலே ஜன்னலை மூன்று ஸ்டாப் இறக்கிவிட்டு கீழே அது எரிந்துகொண்டே இருந்தால் கண் உடனே பிடித்துவிடும். மேசைக் கண்ணாடி, ஒருவருடைய மூக்குக்கண்ணாடி, சுவரில் மாட்டிய கண்ணாடி எல்லாவற்றையும் அதே மாஸ்க்கில் சேர்த்துக் கொஞ்சம் இறக்க வேண்டும். மற்றவர்கள் செய்த பிளெண்டிங்கைத் திருத்த வரும்போது நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான், பெரும்பாலும் அங்கேதான் குறை இருக்கும்.

நிறத்தில் இரண்டு விஷயம். வெளியே பகல் வெளிச்சம் 5500 கெல்வின் அளவில், உள்ளே மஞ்சள் விளக்கு 2700 முதல் 3200 வரை. முகத்துக்குச் சமநிலை வைத்தால் ஜன்னல் நீலமாகும். பின்னணி லேயருக்குத் தனி வெள்ளைச் சமநிலை வைத்தால் தீரும், ஆனால் இரண்டையும் முழுக்க நடுநிலைக்குக் கொண்டுவராதீர்கள். உள்ளே கொஞ்சம் சூடாக, வெளியே கொஞ்சம் குளிர்ச்சியாக விட்டால்தான் அறையின் மாலைநேரம் போன்ற மஞ்சள் உயிரோடு இருக்கும். அடுத்தது எல்ஈடி விளக்கு. மட்டமான எல்ஈடிகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில், அதிலும் எலெக்ட்ரானிக் ஷட்டரில், அது படத்தில் பட்டை பட்டையாக விழும். பின்னணி ஃபிரேமில் பட்டை விழுந்தாலும் கவலையில்லை, அதிலிருந்து நாம் எடுப்பது வெயிலை மட்டும்தான். அலங்கார விளக்குகள் ஓவர் ஆகிவிட்டன என்று அவற்றையும் அந்த ஃபிரேமிலிருந்து எடுக்கப்போனால் மாட்டிக்கொள்வீர்கள். விளக்குகளுக்கென்று 1/100-இலோ, 60 ஹெர்ட்ஸ் இடமென்றால் 1/120-க்குப் பக்கத்திலோ, ஐஎஸ்ஓவை இறக்கி ஒரு ஃபிரேம் தனியாக எடுத்துவையுங்கள்.

ஃபிளாஷைச் சொல்லாமல் விட்டால் பதில் நேர்மையாகாது. ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் பிளெண்டிங்கைவிட அதுதான் சரியான கருவி. கணக்கும் அழகாகப் பொருந்தும்: வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்றால் 1/400. வெளியை ஒரு ஸ்டாப் ஓவராக விட்டால் 1/200, இது பெரும்பாலான கேமராக்களின் சின்க் வேகத்துக்குள் (ஃபிளாஷோடு வழக்கமாகப் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) வந்துவிடுகிறது. இந்த எக்ஸ்போஷரில் உள்ளே உள்ள விளக்கு வெளிச்சம் ஆறேழு ஸ்டாப் கீழே போய்விடும் என்பதுதான் இதன் சங்கடம். ஃபிளாஷ் படும் ஆட்களைத் தவிர மண்டபம் முழுக்க இருட்டாகும். ஆகவே நான் வெளியை இரண்டு, மூன்று ஸ்டாப் ஓவராக விட்டு, ஐஎஸ்ஓவைக் கூட்டி, அறையின் வெளிச்சத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, ஃபிளாஷை முகத்துக்கு மட்டும் பக்கத்திலிருந்து போடுவேன். கண்ணாடியில் ஃபிளாஷ் பிரதிபலிக்காத கோணத்தை முன்பே பார்த்து வைக்க வேண்டும். சடங்கு நேரத்தில் ஃபிளாஷை அனுமதிக்காத இடங்களும் உண்டு, முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லை என்றால் சடங்குப் படங்களில் ஜன்னல் வெள்ளையாகவே இருக்கட்டும்.

அது தோல்வி இல்லையா என்று கேட்பீர்கள். இங்கே நான் சொல்வது ரசனை. இதை மறுப்பவர்களும் நல்ல படங்கள் எடுக்கிறார்கள். வெளியே கடலோ மலையோ இருந்து அதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஜன்னலைக் காப்பாற்றுவது நியாயம். வாகன நிறுத்துமிடமும் பக்கத்துக் கட்டடமும் தெரிகிற ஜன்னலை மூன்று மணிநேரம் உட்கார்ந்து மீட்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. வெள்ளையாக விட்டால் அதுவே மென்மையான பின்னணி. இன்னொன்று, எவ்வளவு சேர்த்தாலும் கடைசியில் ஆல்பத்தின் தாளில்தான் இறங்க வேண்டும். நல்ல பளபளப்புத் தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஏழு ஸ்டாப் அளவுதான், மேட் தாளில் ஐந்து போல. அதற்குள் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்தால் எதற்கும் அழுத்தம் இருக்காது. ஒரே பக்கத்தில் பிளெண்ட் செய்த படமும் சாதாரணப் படமும் அடுத்தடுத்து வந்தால் பிளெண்ட் செய்தது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பிளெண்ட் செய்ததை ஒரு முழுப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

கடைசியாக, போன். போன் செய்வது நீங்கள் நினைக்கும் பிராக்கெட்டிங்கே இல்லாமல் இருக்கலாம். கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட எச்டிஆர் பிளஸ் முறையில், ஹைலைட் பறிபோகாதபடி வேண்டுமென்றே அண்டராக, எல்லாமே ஒரே எக்ஸ்போஷரில் பல ஃபிரேம்களை மளமளவென்று எடுக்கிறது. பிறகு படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பொருத்திச் சராசரி எடுத்து நாய்ஸைக் குறைத்து, அதற்கப்புறம் இருண்ட இடங்களைத் தூக்குகிறது. பொருந்தாத கட்டத்தில் சராசரியைக் கைவிட்டு ஒரே ஃபிரேமை வைத்துக்கொள்கிறது. எல்லா ஃபிரேமும் ஒரே எக்ஸ்போஷர் என்பதால் பொருத்துவது எளிது, ஷட்டர் வேகம் குறையாததால் ஆட்கள் இழுபடுவதும் குறைவு. சில கேமராக்களில் இதைக் கையால் செய்யலாம்: அசையாமல் நிற்பவர்களை ஒரே எக்ஸ்போஷரில் எட்டு ஃபிரேம் எடுத்துச் சராசரி எடுத்தால் நாய்ஸ் ஏறத்தாழ 2.8-இல் ஒரு பங்காகக் குறையும், மூன்று ஸ்டாப் கூடுதல் ஒளி வாங்கியதற்குச் சமம். ஆனால் பெரிய சென்சாரின் ஒற்றை ரா ஃபைலே போனின் ஒற்றை ஃபிரேமைவிடப் பல மடங்கு ஒளியை வாங்கியிருப்பதால், பெரும்பாலும் இந்தச் சிரமம் தேவைப்படாது.

உங்கள் திருமணத்துக்கு முன் அதே நேரத்தில், அதே இடத்தில், ஒரு நண்பரை நிறுத்தி இரண்டு ஃபிரேம் முறையை ஒருமுறை முழுக்கச் செய்து பாருங்கள். மாஸ்க் வரை போய்ப் பாருங்கள், எடுத்ததோடு நிறுத்தாதீர்கள். அன்றைய தினம் பின்னணி ஃபிரேம் எடுத்த உடனே லென்ஸுக்கு முன் உங்கள் உள்ளங்கையை வைத்து ஒரு கிளிக் எடுத்துவையுங்கள். நூற்றுக்கணக்கான ஃபைல்களுக்கு நடுவே இருட்டான அந்தப் பின்னணி ஃபிரேம் பழுதான படம் போலத்தான் தெரியும், அடுத்து அடையாளமாகக் கை இல்லையென்றால் முதல் சுற்றிலேயே அதை அழித்துவிடுவீர்கள்.